மூன்றாவது கிளாஸ்

மூன்றாவது கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே நொலிதாவுக்குப் புரிந்துவிட்டது.

இது தன்னுடைய ஒயின்.

சூடான பாறையில் மழையின் முதல் துளிகள் விழுந்தது போல ஒரு வாசம். அதற்குப் பின்னால் லேசாக உப்பு. இந்த வெள்ளை ஒயினைத் தென்னாப்பிரிக்காவின் கேப் பக்கம் எத்தனையோ பேர் செய்கிறார்கள். ஆனால் இந்த வாசம் ஒரே ஒரு மலைச்சரிவின் கிழட்டுக் கொடிகளில்தான் வரும். அங்கே திராட்சை வாங்கி ஒயின் செய்கிறவள் அவள்.

போட்டிக்கு நடுவராக வந்த அவளைக் காலையில்தான் இந்த மேசைக்கு மாற்றியிருந்தார்கள். இங்கே உட்கார வேண்டிய நடுவருக்குக் காய்ச்சல்.

"என் ஒயினும் இந்தப் பிரிவுல இருக்கே," என்று அப்போதே சொல்லிப் பார்த்தாள்.

"புட்டிக்கு உறை மாட்டித்தானே ஊத்துறோம்? உன்னோடதுன்னு தெரிஞ்சா வாயைத் திற. போட்டியில இருந்து எடுத்துடுவோம்," என்றார் தலைமை நடுவர் ஃபானி.

இப்போது தெரிந்துவிட்டது. வாய்தான் திறக்கவில்லை.

சொன்னால் இந்த வருடத்து உழைப்பு அதோடு போயிற்று. தங்கப் பதக்கம் வாங்கிய ஒயினைத்தான் வெளிநாட்டுக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

சொல்லாமல் தங்கம் போட்டால், பெயர் வெளியே வந்ததும் பேசுவார்கள். தன் சரக்குக்குத் தானே தங்கம் கொடுத்துக்கொண்டாள் என்பார்கள். இதற்குத்தான் இவர்களை உள்ளே விடக் கூடாது என்பார்கள். பார்ல் நகரத்தின் இந்தப் பெரிய கூடத்தில், நடுவர் நாற்காலிகளில் கறுப்பு முகம் அவளுடையது மட்டும்தான். அடுத்த வருடம் அதுவும் இருக்காது.

எதிரே டெர்ஷியா, பத்திரிகையில் ஒயினைப் பற்றி எழுதுகிறவள், வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"அடேயப்பா! யாரு கைப்பக்குவம் இது? எனக்குத் தங்கம்."

"எனக்கும்," என்றார் ஃபானி. "நொலிதா, நீ என்ன சொல்ற?"

இன்னொரு வாய் எடுத்தாள். நாக்கில் வைத்துச் சுழற்றி, இல்லாத குறையைத் தேடினாள்.

"முடியுறப்போ கொஞ்சம் கசக்குது."

"கசக்குதா?" டெர்ஷியா மறுபடி உறிஞ்சிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"எனக்குக் கசக்குது. வெள்ளிக்கு மேல போட மாட்டேன்."

அவள் போட்ட மதிப்பெண்ணில் சராசரி சரிந்தது. ஃபானி அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, வெள்ளி என்று குறித்துக்கொண்டார்.

நொலிதாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. போனது தன்னுடையதுதானே. யார் வயிற்றிலும் அடிக்கவில்லை. நெஞ்சு வலித்தது, ஆனாலும் நிமிர்ந்து உட்கார முடிந்தது.

நான்காவதில் சொல்லும்படி ஒன்றுமில்லை. ஐந்தாவது வாயை நிறைத்தது. பாரம் இறங்கியிருந்த தெம்பில், இந்த முறை அவளே முந்திக்கொண்டு, "தங்கம்," என்றாள். மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் புட்டிகளின் உறைகளைக் கழற்றினார்கள்.

ஐந்தாவது புட்டியில் அவளுடைய லேபிள் இருந்தது.

ஃபானி மேசையைத் தட்டிச் சிரித்தார். "உன் ஒயின் உனக்கே அடையாளம் தெரியலை பாரு! இதைவிட நேர்மை வேற என்ன வேணும்?"

டெர்ஷியா கைதட்டினாள். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

தன்னுடையது வந்து போய்விட்டது என்று நம்பியவள், ஐந்தாவதில் அந்த வாசத்தைத் தேடவே இல்லை.

அவள் பார்வை மூன்றாவது புட்டியில் நின்றிருந்தது. கையால் ஒட்டிய லேபிள், லேசாகக் கோணல். அதில் அனெலிசாவின் பெயர்.

புட்டி அடைக்கும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே, யாருடைய கிடங்கிலோ ஒரு மூலை பிடித்து, ஒற்றைப் பீப்பாயில் தன் முதல் ஒயினைச் செய்த பெண் அனெலிசா. போட்டிக்கெல்லாம் அனுப்பப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். போன அறுவடையில் அவளுக்குத் திராட்சை கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. அந்த மலைச்சரிவுக்காரரிடம் நொலிதாதான் போய் நின்றாள். எனக்கு மேல்பாதி போதும், கீழ்ப்பாதியை அந்தப் பொண்ணுக்குக் கொடுங்க என்று கேட்டு வாங்கிக் கொடுத்தாள்.

"ஃபானி, மூணாவதை இன்னொரு தடவை பார்க்கலாமா? நான் தப்பாப் போட்டுட்டேன்."

"பேரைப் பார்த்தப்புறமா?" அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "வெளிய என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

முற்றத்தில் இறைச்சி வாட்டும் புகை. ஒலிபெருக்கியில் முடிவுகளைச் சொல்லி முடித்திருந்தார்கள். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்த அனெலிசா, கண்ணில் நீரோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, வெள்ளி! முதல் தடவையே வெள்ளி!"

"நீ... அனுப்பவே மாட்டேன்னு சொன்னியே?"

"ஆமாக்கா, அனுப்புறதாவே இல்ல. நீங்க நடுவரா உக்காரப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். அப்புறம்தான் தைரியமே வந்துச்சு."