குல்லா இல்லாத தலை

அவள் கையில் ஓர் ஆரஞ்சு. எதிரே சம்பந்தியின் தலையில் குல்லா இல்லை.

இப்படி ஒரு வாய்ப்பு சொர்க்கத்தில்கூடக் கிடைக்காது. இத்தாலியில் கிடைத்தது.

ஊருக்கு இவ்ரேயா என்று பெயர். கார்னிவல் வந்தால் மொத்த ஊரும் தெருவில் இறங்கி ஒருவரையொருவர் ஆரஞ்சால் அடித்துக்கொள்ளும். குதிரை வண்டியில் முகக்கவசம் போட்டவர்கள் ஒரு கட்சி. தரையில் நிற்பவர்கள் எதிர்க்கட்சி. அந்த வருடம் உலகத்தில் காய்த்த ஆரஞ்சில் பாதி அந்த ஒரு சதுக்கத்தில் கிடந்தது. மீதி பறந்துகொண்டிருந்தது. கால் வைத்த இடமெல்லாம் சாறு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் முதலை வளர்க்கலாம்.

வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு ஒரே விதி. சிவப்புக் குல்லா.

தலையில் அது இருந்தால் குறி வைக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் எறியலாம், மேயராக இருந்தாலும்.

மாப்பிள்ளை ஜெகன் இதைக் காரிலேயே ஓதி ஓதி இரு அம்மாக்களின் காதையும் புண்ணாக்கியிருந்தார். தன் கையாலேயே இருவருக்கும் குல்லா மாட்டிவிட்டார். பிறகு, திருவிழாவில் ஊற்றுகிற பயறுக் கஞ்சி வாங்கி வருகிறேன் என்று கழன்றுகொண்டார்.

திட்டம் போட்டுத்தான். தனியாக விட்டால் பேசிவிடுவார்களாம்.

பேசவில்லை.

கல்யாணத்தன்று நின்றுபோன பேச்சு. மணமேடையில், விருதுநகரே பார்த்திருக்க, சம்பந்தி தங்கபுஷ்பம் அம்மாள் அவளைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார். உங்கள் தோளே பாதிப் படத்தை அடைக்கிறது என்று காரணமும் சொன்னார். போட்டோக்காரன் சிரித்தான். ஆல்பத்தில் அவளுடைய ஒரு காது மட்டும் வந்திருக்கிறது.

அன்றிலிருந்து எல்லாம் தூது வழியாகத்தான். விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. நடுவில் கிடந்த போர்வை யாருடையது என்று இருவரும் பணிப்பெண்ணிடம் கேட்டார்கள்.

மகளுக்கு ஆறாம் மாதம். பக்கத்து நகரமான டூரினில், வீட்டில் படுத்திருக்கிறாள். பிரசவம் முடிந்து குழந்தைக்குத் தலை நிற்கும் வரை இரண்டு அம்மாவும் அந்த வீட்டில்தான். இருப்பது ஒரு சமையலறை.

மன்னிப்பெல்லாம் அவள் எதிர்பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை. தோசைக்கல் எங்கே என்றாவது.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது.

எறி நின்றது. மேளம் முன்னே. பொன்னிற வண்டி பின்னே. அதில் வெள்ளை உடுத்திய ஒரு பெண், கூட்டத்தின் மேல் மிட்டாயை வாரி இறைத்துக்கொண்டு வந்தாள். ஒரு காலத்தில் இந்த ஊரைக் கொடுமைப்படுத்திய பிரபுவின் தலையை ஒரு மாவு ஆலைக்காரன் மகள் வெட்டினாளாம். அவளுக்காகத்தான் இத்தனையும். இதையும் ஜெகன் காரில் சொல்லியிருந்தார்.

தலையை வெட்டினாள். தேரில் வருகிறாள். முன்னால் மேளம்.

தங்கபுஷ்பம் அம்மாளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

செருப்பைக் கழற்றினார். குல்லாவைக் கழற்றி இடுப்பில் செருகினார். ஆரஞ்சுச் சகதியில் வெறுங்காலோடு நின்று, கையைத் தலைக்கு மேல் குவித்து, கண்ணை மூடினார்.

வண்டி போய்விட்டது. எறி மறுபடி தொடங்கிவிட்டது.

வேண்டுதல் முடிந்தபாடில்லை. பட்டியல் நீளம் போல.

ஒரு பழம் உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. நன்றாகக் கனிந்த பழம். அவள் எடுக்கவில்லை. அதுவே கைக்குள் வந்தது.

பெண்கள் பள்ளியில் குண்டு எறியக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவள் அவள். எறிந்தால் பழம் பிரான்ஸ் எல்லையில் போய் விழும். அதனால் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக, மணிக்கட்டை மட்டும் அசைத்தாள்.

இடது தோள். சரியாக.

தங்கபுஷ்பம் அம்மாள் கண்ணைத் திறந்தார். தோளைப் பார்த்தார். புடவையில் வழிந்த சாற்றைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

குனிந்தார்.

செருப்புக்குத்தான் என்று அவள் நினைத்தாள். இல்லை. ஓர் ஆரஞ்சு.

கையை ஓங்கியவர் அப்படியே நின்றார். அவள் தலையில் குல்லா இருந்தது. விதி விதிதான்.

ஓங்கிய கையை இறக்காமல், சகதியில் வழுக்கி வழுக்கி, நேராக அவள் முன்னால் வந்து நின்றார்.

"சம்பந்தியம்மா. குல்லாவக் கழட்டுங்க."

அவள் கழற்றினாள். சம்பந்தியைப் போலவே இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தங்கபுஷ்பம் அம்மாள் சில அடி பின்னால் நகர்ந்து நின்று எறிந்தார். அதை எறிவது என்று சொல்லக்கூடாது. கோழி விரட்டுவது. பழம் பின்பக்கமாகப் பறந்து ஒரு குதிரையின் முதுகில் பட்டது. குதிரை திரும்பிப் பார்த்தது.

இரண்டாவது பழம் அவருடைய காலிலேயே விழுந்தது.

இதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது.

அவள் போய் சம்பந்தியின் முழங்கையைப் பிடித்து உயர்த்தினாள். இடது காலை முன்னே நகர்த்தச் சொன்னாள். பிசுபிசுத்த விரல்களைப் பழத்தின் மேல் ஒவ்வொன்றாகப் படியவைத்தாள். பழம் சின்னதாகத் தெரிந்தது. பெரியதாகப் பார்த்து மாற்றிக் கொடுத்தாள்.

திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றாள்.

தூரத்தில் மாப்பிள்ளை இரண்டு கையிலும் கஞ்சிக் கிண்ணத்தோடு, வாயைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார்.

அங்கேயே நிற்கும்படி அவருக்குக் கையைக் காட்டினாள்.