ஒற்றை விரலில் திரும்பிய படகு

மச்சான் கித்தேரியானின் ஃபைபர் படகில், என்ஜினைத் திருப்பும் கைப்பிடி கல்லாய் இறுகிக் கிடந்ததைப் பார்த்ததும் பெர்க்மான்சுக்குப் பொறுக்கவில்லை. ஊர் என்ஜின்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மெக்கானிக் அவன்; அவன் வீட்டுப் படகையா இப்படி விட்டுவைப்பது? யாரையும் கேட்காமல் உட்கார்ந்து உப்பைச் சுரண்டினான், கிரீஸ் ஏற்றினான், அடியிலிருந்த திருகையும் தளர்த்திவிட்டான். ஒற்றை விரலால் தள்ளினாலே திரும்பியது.

மறுநாள் காலை மற்ற படகுகளெல்லாம் போன பிறகு, மச்சான்தான் கடைசியாக, தனியாகக் கடலுக்குப் போனார். கரையில் நின்ற அக்காவிடம், "ஸ்டீரிங்க நாந்தான் லேசாக்கிவிட்டேன்" என்றான்.

அக்கா அவனையே பார்த்தாள். "அத அவுகதாம்ல இறுக்கி வச்சிருந்தாக. ஒரு கை மரத்துப்போச்சு. இன்னொரு கையால வலை விடும்போது படகு தன்னால நேராப் போவணும்ல. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாக."

தூரத்தில் படகு வட்டமடித்தது. திரும்பவும் அதே இடத்தில், அதே வட்டம். உள்ளே ஆள் உட்கார்ந்திருப்பதாகத் தெரியவில்லை. போய்ப் பார்க்கக் கரையில் வேறு படகும் இல்லை. அக்கா கடலுக்குள் இடுப்பளவு இறங்கி, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாத மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பெர்க்மான்சின் விரல்கள் காற்றில் எதையோ திருகித் திருகி இறுக்கிக்கொண்டிருந்தன.