டாக்டர் வாயில் ஓடுகிற தறி

டாக்டரின் மூக்குக்கண்ணாடியில் கணினித் திரை நீலமாக மின்னுகிறது. வேலாயுதத்தின் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த சதையின் பரிசோதனை முடிவு அந்தத் திரையில்தான் இருக்கிறது. டாக்டர் அதை எப்போதோ படித்துவிட்டார். ஆனால் எதிரில் இருப்பவர் பட்டுத்தறிக்காரர் என்று தெரிந்ததும் அவருடைய புலமைக்கு அரிப்பெடுத்துவிட்டது. "திசுவப் பத்தின படிப்புக்கு ஹிஸ்டாலஜின்னு பேரு. 'ஹிஸ்டோஸ்'னா கிரேக்க மொழில தறி! உங்க தறிதான் எங்க சைன்ஸுக்கே பேரு குடுத்திருக்கு, தெரியுமா?" மோதிரக் கை காற்றில் நெய்கிறது, தன் குரலில் தானே சொக்கிக் கிடக்கிறார். மேசைக்கடியில் வேலாயுதத்தின் கால்கள், தறிக்குழிக்குள் மிதிகட்டையை மிதிப்பதுபோல், வெறும் தரையை மாறி மாறி மிதிக்கின்றன. மனைவி இந்திராணியின் விரலிடுக்கில் ஏகாம்பரநாதர் கோயில் விபூதிப் பொட்டலம் கசங்கிக் கொட்டுகிறது. பேச்சின் நடுவே, கொட்டாவி விடுவதுபோல், "ஆங், கேன்சர் இல்ல. சாதாக் கட்டிதான்," என்கிறார் டாக்டர். கால்கள் நிற்கின்றன. இந்திராணி எழுகிறாள். "உசிரக் கையில பிடிச்சிக்கினு உக்காந்திருக்கோம். இத்த மொதல்ல சொல்லிட்டு அப்புறமா அந்தக் கிரேக்கனக் கூப்டக்கூடாதா சார்?" கணவனின் தோளைத் தொட்டு எழுப்பி, வெளியே நடக்கிறாள். டாக்டரின் முகம் இன்னும் மலர்ந்தே இருக்கிறது. "ஹிஸ்டோஸுக்குப் பாய்மரம்னும் ஒரு அர்த்தம் உண்டும்மா," என்கிறார், காலியான இரண்டு நாற்காலிகளிடம்.