விளையாட்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று

"மாப்ளே, சுத்தி வளைக்காண்டாம். ரெண்டு பொட்டியில எது ஒசத்தி? அத மட்டும் சொல்லும்" என்றார் அப்துல் ஜப்பார்.

துல்கர்னைன் டிவிக்குப் பின்னாலிருந்து தலையை வெளியே எடுத்தான். துபாயிலிருந்து லீவில் வந்தபோது, சட்டை துணிகளுக்கு நடுவே டிவியில் மாட்டுகிற இரண்டு சின்னக் கம்ப்யூட்டர்களைப் பொதிந்து கொண்டுவந்திருந்தான்.

ஜப்பார் அவன் மனைவி ஷரீபுன்னிசாவின் அண்ணன். தென்காசி பஜாரில் ஜவுளிக் கடை. கடையை ஒட்டி அவருக்கு ஒரு காலி அறை இருந்தது. அது கிடைத்தால் துல்கர்னைன் ஊரிலேயே கம்ப்யூட்டர் கடை போட்டு உட்கார்ந்துவிடுவான். கிடைக்காவிட்டால் மறுபடி துபாய்தான். வருகிறேனா இல்லையா என்று கம்பெனிக்குத் தந்தி கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

"ரெண்டுக்கும் மூளை வேற வேற மச்சான். இதுக்குள்ள இருக்க பிராசஸர் இசட் எண்பது. அதுக்குள்ள இருக்கது அறுபத்தஞ்சு ஜீரோ ரெண்டு. ஒரு செகண்டுக்கு இது முப்பத்தஞ்சு லட்சம் அடி வைக்கும். அது இருபது லட்சந்தான்."

"அப்ப இதுதான் ஒசத்தி. முடிஞ்சுது."

"முடியல்ல. ஒரு வேலைய முடிக்க இது பொடி நடையா பல அடி வைக்கணும். அது எட்டிப் போட்டு ரெண்டு அடியில முடிச்சிரும்."

"அப்ப அதுதான் ஒசத்தி."

"அப்பிடியும் சொல்லிர முடியாது மச்சான்."

"நான் கடையில இப்பிடிச் சேலை காட்டுனா ஒருத்தியும் வாங்கமாட்டா" என்றார் ஜப்பார்.

ஷரீபுன்னிசா டீயைக் கொண்டுவந்து வைத்தாள். புருஷனைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

துல்கர்னைன் டேப் ரிக்கார்டரிலிருந்து ஒரு வயரை எடுத்து இசட் எண்பதில் சொருகினான். விளையாட்டுக் கேசட்டைப் போட்டு பட்டனை அமுக்கினான். கேசட் சுற்றியது. சத்தமே இல்லை.

"பாடல்லயே?"

"வயரச் சொருகிட்டா இதோட வாய் அடைச்சிரும் மச்சான். வெளையாட்டு கேசட்டுல சத்தமாத்தான் பதிஞ்சிருக்கு, அது பூரா பொட்டிக்குள்ள போயிரும்."

"என் தங்கச்சிய மாதிரி. நீரு துபாயில இருந்தா கேசட்டுல ஒரு பக்கம் பூரா பேசி அனுப்புதா. நீரு நேர்ல வந்து நின்னா வாயி அடைச்சிருது."

திரையில் ஒரு விண்கலம் வந்தது. ஜப்பார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுட ஆரம்பித்தார். மூன்று முறை செத்தார்.

"நல்லாருக்கு. குத்தாலத்துல சீசனுக்கு வாறவன், அருவியில குளிக்க விடல்லன்னா இதுல வந்து உக்காந்திருவான். ஆனா சாரல் மூணு மாசம். மீதி ஒம்பது மாசம் குரங்கா வந்து வெளையாடும்?"

"அதுக்குத்தான் மச்சான் அந்தப் பொட்டி. வெளையாட்டுக்கு இது, வேலைக்கு அது. உங்க கடை இருப்பு, விற்பனை எல்லாத்தையும் கணக்குப் போட்டுக் காட்டும். துபாயில என் கண்ணால பாத்தேன்."

"அது கணக்குப் போட்டா ரூம் ஒமக்கு. போடல்லன்னா தந்திய நானே கொண்டுபோய்க் குடுத்திருதேன்."

துல்கர்னைன் வயரைப் பிடுங்கி மற்றதில் சொருகினான். சூட்கேசில் கையை விட்டுக் கணக்குக் கேசட்டை எடுத்தான். துபாய்க் கடைக்காரன் காப்பி எடுத்துக் கொடுத்தது. மேலே பேர்கூட எழுதியிருக்கவில்லை.

கேசட் சுற்றியது. திரையில், தேடுகிறேன் என்று இங்கிலீஷில் ஒரு வார்த்தை வந்து நின்றது. டீ ஆறியது. அது தேடிக்கொண்டே இருந்தது.

"எதத் தேடுது?"

"கணக்க மச்சான்."

"நானும் அதத்தான் தேடுதேன்."

ரீவைண்ட் செய்து மறுபடி போட்டான். மறுபடியும் தேடியது. மூன்றாம் முறையும் ரீவைண்ட் செய்து பட்டனை அமுக்கி, கேசட் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் கரண்ட் போய்விட்டது.

ஜப்பார் எழுந்தார். "மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதியும் மாப்ளே. எட்டிப் போட்டு நடந்தாலும் போற எடம் தெரியணும்லா? தந்திக்கு என்ன எழுத?"

"வாறேன்னு எழுதுங்க."

வெளியே சாரல் வலுத்தது. கொஞ்சம் ஓயட்டும் என்று ஜப்பார் குடையோடு வாசலில் ஒதுங்கி நின்றார்.

ஷரீபுன்னிசா டீ டம்ளரை எடுக்க வந்தாள். வந்தவள் நின்றாள். லீவு தொடங்கியதிலிருந்து அவள் தானாக வாய் திறந்தது அப்போதுதான்.

"சூட்கேசுல இருந்த கேசட்டெல்லாம் போட்டுப் பாத்தீங்களா?"

"எல்லாம் போட்டாச்சு. ஒரு பிரயோசனமும் இல்ல. நான் துபாய்க்கே போறேன்."

"சரி" என்றாள். டம்ளரை எடுக்காமலே போய், அவன் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

துல்கர்னைன் பெட்டிகளைக் கட்டிவைக்க உட்கார்ந்தான். முதலில் டேப் ரிக்கார்டரிலிருந்த வயரைப் பிடுங்கினான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. அமுக்கிய பட்டன் அமுக்கியபடியே இருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஷரீபுன்னிசா பேசுதேன்" என்றது டேப் ரிக்கார்டர், முழுச் சத்தத்தில். "இங்கன அடுப்பங்கரையில நான் சுகம். அங்கன கூடத்துல நீங்களும் சுகமா இருக்க துஆ செய்யுதேன்."

வாசலில் ஜப்பார் திரும்பிப் பார்த்தார். உள்ளே துணி மடிக்கும் சத்தம் நின்றது.

"நேர்ல சொல்ல வெக்கமா இருக்கு. சூட்கேசுல பேர் எழுதாத காலிக் கேசட்டு ஒண்ணு கெடந்துச்சு, அதுலதான் பேசுதேன். இந்தத் தடவ துபாய்க்குப் போவாண்டாம், இங்கனயே கடை போடுங்க. அந்தக் கணக்குப் பொட்டி நல்லா வேலை செய்யும், எனக்கு நம்பிக்கை இருக்கு."