முகம் கழுவப் போகிறவள்

"திரும்பவும் கிணத்தடிக்குப் போறா பாருங்கோ!"

வசந்தினிக்குப் பொறுக்கவில்லை. தோளில் துவாய், கையில் சவர்க்காரம். இந்த ஸ்ரெல்லா வேலைக்கு வருகிறாளா, குளிக்க வருகிறாளா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வாடகை வீடுதான் அவர்களுடைய அலுவலகம். கணினிக்கு அறிவு ஊட்டுகிற வேலை. திரையில் வருகிற படத்தைப் பார்த்து இது மாடு, இது மதில், இது மோட்டார் சைக்கிள் என்று குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். கதிரையை விட்டு எழும்பினால் கணினியே மேலிடத்துக்குக் கோள் மூட்டிவிடும்.

திரையில் சிவப்புக் குறியோடு வருகிற சிவப்பு ஃபைலுக்கு மட்டும் சலுகை. அதை முடித்தால் கொஞ்ச நேரம் எழுந்து போகலாம். அதற்குள் என்ன படம் இருக்கிறதென்று வசந்தினிக்குத் தெரியாது. பார்த்ததைப் பக்கத்துக் கதிரைக்குக்கூடச் சொல்லக்கூடாது, சொன்னால் வேலை போய்விடும் என்று சேரும்போதே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

முந்தி எடுப்பவருக்குத்தான் ஃபைல். ஸ்ரெல்லா குருநகரிலிருந்து விடியவே வந்து சிவப்பு அத்தனையையும் தன் பெயரில் எடுத்துவிடுவாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு பஸ்சில் வருகிற வசந்தினிக்கு மிஞ்சுவது மாடும் மதிலும். கால் இரண்டும் வீங்கிச் செருப்பே கொள்ளவில்லை.

நேரே மேற்பார்வையாளர் ஜெயசுதனிடம் போனாள்.

"அண்ணை, எனக்கும் ஒரு சிவப்பு ஃபைல் தாங்கோ. எழும்பி நடக்காட்டிக் கால் விறைக்குது."

"ஆர் செய்தால் எனக்கென்ன? வேலை முடிஞ்சால் சரி. உம்மடை கொம்பியூட்டருக்கு அனுப்பிவிடுறன்."

ஈர முகத்தோடு உள்ளே வந்த ஸ்ரெல்லா அதைக் கேட்டுவிட்டாள்.

"வேண்டாம் அண்ணை! அவளுக்குக் குடுக்காதேங்கோ. நானே செய்யிறன்."

வசந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனக்கா, நீங்கள் மட்டும்தான் எழும்பி உலாத்தலாமோ? நான் மனிசி இல்லையோ?"

சொல்லிக்கொண்டே போய் உட்கார்ந்து மௌஸைப் பிடித்தாள். ஃபைல் திறக்கும் முன் ஸ்ரெல்லாவின் ஈரத் துவாய் திரையை மூடிக்கொண்டு விழுந்தது.

"விசரி! உதுக்குள்ளை முழுக்கச் செத்த சனமடி. சண்டையிலை, விபத்திலை... சின்னப் பிள்ளையளும்தான். போன் பாக்கிற ஆக்களின்ரை கண்ணிலை உது படாமல் மறைக்க மிஷினுக்குப் பழக்கிறம்."

"ஸ்ரெல்லா! கையெழுத்து வைச்சது மறந்துபோச்சோ?" ஜெயசுதன் அதட்டினார்.

"வேலை போனால் போகட்டும் அண்ணை. பிள்ளைத்தாச்சியை ஆரும் செத்தவீட்டுக்கு விடுவினமே?"

வசந்தினியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. இவ்வளவு நாளும் இந்த மனுஷியைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டாள்! முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அப்ப... ஏனக்கா ஒவ்வொருக்காலும் கிணத்தடிக்குப் போறனீங்கள்?"

ஸ்ரெல்லா வழக்கம்போலப் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"செத்தவீட்டாலை வந்து முகம் கை கால் கழுவாமல், உனக்குப் பக்கத்திலை எப்பிடியடி இருக்கிறது?"