திரும்ப வைக்காமல்

முப்பத்தொன்று.

அவர் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினார். கழுத்துப் பட்டியை இரண்டு விரல்களுக்கிடையில் மெல்ல ஓடவிட்டார். மூன்று மாதக் குழந்தைக்கான சட்டை. நெஞ்சில் ஒரு மஞ்சள் வாத்து.

நல்ல சட்டை.

அதைத் தன் வலப்பக்கம் வைத்தார்.

அவள் மூச்சு விட்டாள்.

திருப்பூரில் அன்று மின்சாரம் போகவில்லை. ஆனாலும் இருபது மிஷின்களும் நின்றிருந்தன. வாங்குகிற கம்பெனி தரம் பார்க்க அனுப்பிய கியூசி வந்திருந்தார். ஆயிரத்து இருநூறு சட்டைகளில் எண்பதை மட்டும் பார்ப்பார். எந்தப் பெட்டி, எந்தச் சட்டை என்று யாருக்கும் சொல்லமாட்டார். ஐந்து குறை வரை பொறுத்துக்கொள்வார். ஆறாவது வந்தால் மொத்தமும் திரும்பிவிடும்.

முப்பத்திரண்டு. நல்லது.

செவ்வாய்க்கிழமை அவள் மிஷினில் ஊசி உடைந்தது.

உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுக்க வேண்டும். ரெஜிஸ்டரில் முழு ஊசியாகச் சேர்த்து ஒட்ட வேண்டும். அப்போதுதான் புது ஊசி. துண்டு குறைந்தால் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுச் சட்டை சட்டையாகத் தடவ வேண்டும். போன மாதம் அப்படி லைனை நிறுத்திய பெண்ணின் மிஷினில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்கு நுனி கிடைக்கவில்லை.

ஒரு குருணை அளவு.

டிராயரில் கிடந்த பழைய ஊசியை முறித்து அதன் நுனியை டேப்பால் ஒட்டினாள். ரெஜிஸ்டர் பக்கத்தில் ஊசி முழுதாக இருந்தது. சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார். ஊசி தேடும் மிஷின் அந்த வாரம் பழுது.

புதன்கிழமை சட்டைகள் இஸ்திரிக்குப் போயின. எல்லாம் ஒன்றோடொன்று கலந்தன. இப்போது அவை இருபத்து நான்கு பெட்டிகள்.

அவள் தைத்தது கழுத்துப் பட்டி மட்டும்.

முப்பத்தொன்பது. நல்லது.

வந்துவிடக் கூடாது. அவர் விரல் படும் சட்டையாக அது இருந்துவிடக் கூடாது.

நாற்பதில் அவளுக்குப் பந்துகள் ஞாபகம் வந்தன.

ப்ளஸ் டூ கணக்குப் புத்தகத்துப் பந்துகள். ஒரு பை நிறைய வெள்ளை. ஒரே ஒரு சிவப்பு. எடுத்த பந்தைத் திரும்ப வைக்காமல் அடுத்த பந்து எடுக்கப்படுகிறது. வெள்ளை வர வர, மிஞ்சியவற்றில் சிவப்பின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

அன்று அது மூன்று மதிப்பெண் கேள்வி. மூன்றும் வாங்கியிருந்தாள்.

அவருடைய வலப்பக்கத்தைப் பார்த்தாள். நல்ல சட்டைகள் அடுக்கடுக்காக உயர்ந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடப் பெட்டிக்குள் திரும்பப் போகவில்லை.

பெட்டிகளுக்குள் அது அப்படியே இருந்தது. சுற்றியிருந்தவைதான் குறைந்துகொண்டிருந்தன.

அதன் பிறகு அவள் வேறு மாதிரி வேண்டிக்கொண்டாள்.

வரட்டும். இதிலேயே வரட்டும்.

ஐம்பத்தெட்டு. நூல் பிசிறு. நாலாவது குறை. மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

அறுபது. நல்லது.

பக்கத்தில் நின்ற தெய்வானை அவள் இடுப்பில் இடித்தாள்.

"ஏன்டி இப்புடி வேர்த்து ஊத்துது? உன்னப் பொண்ணு பாக்க வந்தாப்புல நிக்கற."

அவள் சிரிக்க முயன்றாள். அறுபத்தொன்று கடந்து போனது.

கழுத்து. பிறந்து மூன்று மாதத்தில் கழுத்தென்று ஒன்று தனியாகத் தெரியாது. மடிப்புகள்தான் இருக்கும். மடிப்புகளுக்குள் பால் வாசனை. எந்த ஊரோ. அங்கே பனி பெய்யுமோ என்னவோ. யாரோ ஒருத்தி அதன் தலைவழியே வாத்துச் சட்டையை மாட்டுவாள். குழந்தை அழும். பசி என்று நினைப்பாள்.

எழுபத்தேழு.

எழுபத்தெட்டு.

ஒவ்வொரு நல்ல சட்டைக்கும் அறையில் யாரோ ஒருவர் லேசானார். அவள் மட்டும் கனத்துக்கொண்டே போனாள்.

எழுபத்தொன்பது.

எண்பதை அவர் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கழுத்துப் பட்டியில் விரல்கள் ஓடின. ஓரிடத்தில் நின்றன.

திரும்ப ஓடின.

நல்லது.

"டீ சொல்லுங்கப்பா," என்றார் மேனேஜர். யாரோ கை தட்டினார்கள். பெட்டிகளை ஒட்டுகிறவன் டேப்பை நீளமாகக் கிழித்தான்.

"சார், இன்னொன்னு பாருங்க."

அது தன் குரல் என்று அவளுக்குச் சற்றுப் பிறகுதான் தெரிந்தது.

கியூசி சிரித்தார். "எண்பது போதும்மா. கணக்கு அவ்வளவுதான். ஊசி ரெஜிஸ்டர் மட்டும் காட்டிருங்க, கையெழுத்துப் போட்டுக் கெளம்பறேன்."

"நீயே போயி எடுத்துட்டு வந்துரு," என்றார் சூப்பர்வைசர் அவளிடம்.

ரெஜிஸ்டர் கோடி அலமாரியில் இருந்தது. அங்கிருந்து மேஜை வரை பன்னிரண்டு மிஷின்கள்.

முதல் மிஷினைக் கடக்கும்போது பக்கத்தைப் புரட்டினாள். நான்காவதில் செவ்வாய்க்கிழமை வந்தது. முழு ஊசி. பக்கத்தில் கையெழுத்து.

மிச்சம் ஆயிரத்து நூற்று இருபது.

ஏழாவது மிஷினருகே அவள் நகம் நுனி மேல் ஒட்டிய டேப்பின் விளிம்பைக் கண்டுபிடித்தது.

மேஜை வந்தது. திறந்த பக்கத்தோடு நீட்டினாள்.

அவர் பேனா மூடியைக் கழற்றினார். ஊசியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

மூடிய அவள் கைக்குள் ஒரு குருணை குத்திக்கொண்டிருந்தது.