கொட்டை உடைக்கும் சத்தம்

இதை எனக்குச் சொன்னது லோமசொன்டோ. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், ஆலயத்தில் நாங்கள் இரண்டு பேரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

பிப்ரவரிக் கடைசி. மாருலா என்கிற காட்டுப் பழம் மரத்தடியெல்லாம் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கிற நேரம். அண்ணன் மகள் வெலிலேயைக் கட்டிக்கொடுத்த வீட்டில் சனிக்கிழமை காலை போய் இறங்கினாள் லோமசொன்டோ.

முற்றம் நிறைய ஆட்கள். அந்தப் பழரசம் புளித்து நுரை கட்டிக் கள்ளாகிவிட்டால் உறவு தானாகக் கூடிவிடும். மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள் நாலு பேர் நிழலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் ஆட்டுக்குட்டியைத் துரத்த, ரேடியோ தன் பாட்டுக்குக் கத்த, யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை.

அண்ணன் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "என்னென்னவோ காதுல விழுது. நீயே போய்க் கண்ணால பாரு. பொண்ணு கஷ்டப்படறான்னா கையோட கூட்டிட்டு வந்துடு. பொண்ணுக்குப் பரிசமா அவங்க கொடுத்த மாடுகளை நான் திருப்பி ஓட்டி விட்டுடறேன்."

வெலிலே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என்னடி கண்ணு, இப்படி வாடிக் கிடக்கறே?"

"ஒண்ணுமில்லை அத்தை."

அடுத்த வார்த்தை வருவதற்குள் மாமியார் லாஷோங்வேயின் குரல் வந்துவிட்டது.

"வந்தவங்க மூஞ்சியைப் பார்த்துட்டே நின்னா கொட்டையை யாரு உடைப்பா? பின்னறைக்குப் போ."

வெலிலே தலையைக் குனிந்துகொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் பின்னறையிலிருந்து சத்தம் வந்தது. கல்மேல் கல். டொக். டொக்.

மாருலாக் கொட்டை லேசில் உடையாது. ஒரு பிடி பருப்பு எடுப்பதற்குள் கை விட்டுப்போகும்.

மத்தியானம் சாப்பாடு எடுத்துவைக்க வந்தாள். மறுபடியும் "பின்னறைக்குப் போ". சாயங்காலம் டீ கொண்டுவந்தாள். மறுபடியும் அதே. சத்தம் சற்று நின்றாலும் லாஷோங்வே முற்றத்திலிருந்தே அதட்டுவாள்.

"என்ன, கை தூங்குதா?"

உடனே டொக், டொக்.

சித்தப்பா ஒருவர் சிரித்தார். "ஏன் அண்ணி, உங்க வீட்டுக் கழுதைக்குக்கூட ஞாயித்துக்கிழமை லீவு உண்டே."

"கழுதை மூணு நாளா இங்கேயே உட்கார்ந்து குடிக்கறதில்லையே கொழுந்தனாரே."

பெஞ்சு குலுங்கச் சிரித்தார்கள். லோமசொன்டோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாப்பிள்ளை எங்கே?"

"மூசியா? டவுனுக்குப் போயிட்டான். பந்தாட்டம் பார்க்க."

பெண்டாட்டி கை காய்த்துப் போகிறது, இவருக்குப் பந்தாட்டம். அன்று ராத்திரி ஜெபத்தில்கூட அவளுக்கு மனசு நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டு எழுந்ததும் மறுபடியும் "பின்னறைக்குப் போ". மாப்பிள்ளை மறுபடியும் டவுனுக்குப் போய்விட்டானாம். லோமசொன்டோ தன் பையைக் கட்டினாள். பையும் கையுமாக நேரே பின்னறைக்கு நடந்தாள்.

லாஷோங்வே ஓடிவந்தாள். "சம்பந்தியம்மா, அங்கே ஒரே தூசி. நீங்க இங்கேயே உட்காருங்க."

"அந்தத் தூசியிலதானே எங்க பொண்ணு ரெண்டு நாளா உட்கார்ந்திருக்கா. எங்க வீட்டுல தூசி இல்லை. நான் கூட்டிட்டுப் போறேன்."

கதவைத் தள்ளினாள்.

வெலிலே பாயில் படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். காலுக்கடியில் கம்பளி சுருட்டி வைத்திருந்தது.

டொக்.

பக்கத்தில் தரையில், பெண்கள் உட்காருகிற மாதிரி காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, கையில் கல்லோடு உட்கார்ந்திருந்தான் மூசி. கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. முன்னால் ஓடு ஒரு குவியல்.

"மெதுவா அத்தை, எழுந்துடப் போறா." குரல் வெளியே வராமல் சொன்னான். "மூணு மாசம். போன தடவை ரெண்டாம் மாசமே கலைஞ்சுபோச்சு. உங்க யாருக்கும் சொல்லலை. ஓய்வுலயே இருக்கணும்னு நர்ஸ் சொன்னாங்க. வீடு நிறைய ஆள் இருக்கறப்போ மருமக படுத்திருந்தா ஏன், எதுக்குன்னு கேட்பாங்க. ஊர் வாய்ல விழுந்துடுமோன்னு பயம்."

பின்னாலேயே வந்து நின்ற லாஷோங்வேக்கு மூச்சு வாங்கியது.

"அதட்டற மாமியாரை யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க சம்பந்தியம்மா. அதான்."

லோமசொன்டோ பையைக் கீழே வைத்தாள்.

வெளியே சித்தப்பாவின் குரல் கேட்டது. "அண்ணி, என்ன சத்தத்தையே காணோம்? மருமக தூங்கிட்டாளா?"

லாஷோங்வே வாயைத் திறப்பதற்குள் லோமசொன்டோ வாசலில் போய் நின்றாள்.

"எங்க வீட்டுப் பொண்ணு சின்னதுலேருந்தே சோம்பேறிதான். இருங்க, நானே பக்கத்துல உட்கார்ந்து வேலை வாங்கறேன்."

கதவைச் சாத்தினாள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இன்னொரு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

இதில் வருகிற பெயர்களெல்லாம் நான் மாற்றி வைத்தவை. செப்டம்பர் வரைக்கும் உங்கள் ராத்திரி ஜெபத்தில் அந்தப் பெண்ணுக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.